பள்ளியில் இரக்கத்தை வாழ்ந்து காட்டுவது எப்படி?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டாக, அதாவது திருச்சபையின் சிறப்புப் புனித ஆண்டாக, அறிவித்தபோது, பசித்தோருக்கு உணவளிப்பது போல உடல் சார்ந்தவை ஏழு, துயருற்றோரைத் தேற்றுவது போல ஆன்மா சார்ந்தவை ஏழு என வழிவழியாக வரும் இரக்கச் செயல்களை மீண்டும் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். வேலூர் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் அவற்றைத் தொடங்க வேண்டிய இடம், என் கருத்தில், காலையில் தாமதமாக வரும் பிள்ளையே.

குடியாத்தம் பக்கம் தாய்க்குத் துணையாக இரவில் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் தம்பியைக் கிளப்பி, அதன்பின் பேருந்து பிடிக்கும் மாணவியை வாசலில் அனைவர் முன்னும் நிறுத்திக் காரணம் கேட்கக் கூடாது. வகுப்பாசிரியர் இடைவேளையில் தனியாக அழைத்துக் கேட்கட்டும். குற்றம் செய்தவரிடமே முதலில் தனியாகப் பேசச் சொல்கிறது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். குற்றமே செய்யாத பிள்ளைக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

கட்டணம், சீருடை, காலணி ஆகியவற்றுக்கு உதவி தேவைப்படுவோரை ஜூன் மாதமே வகுப்பாசிரியர்கள் கண்டறிந்து, தலைமையாசிரியரிடம் மட்டும் தெரிவிக்க வேண்டும். உதவியைப் பெற்றோர் கையில் கொடுங்கள். காலை வழிபாட்டு மேடையில் கொடுக்காதீர்கள், புகைப்படமும் எடுக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஏழைகளுக்காகச் சேர்க்கும் உண்டியல் தொகையை வகுப்புவாரியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டியாக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும், ஏனெனில் தோல் கம்பெனியில் அன்றாடக் கூலிக்குப் போகும் தந்தையின் மகன் அந்தப் பலகைக்கு முன் தலைகுனிந்து நிற்கிறான்.

பிற சமயப் பிள்ளைகளுக்கும் இதே பரிவு உரியது. ஆம்பூர், வாணியம்பாடியில் ரமலான் நோன்பிருக்கும் மாணவரை உடற்பயிற்சி வேளையில் ஓடவிடாமல் நிழலில் அமரச் செய்யலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வந்து, மொழி தெரியாமல் தெருவில் திகைத்து நிற்கும் குடும்பத்தைக் கண்டால் கேலி பேசாமல் வழிகாட்டவும் மாணவரைப் பழக்க வேண்டும்.

மாணவர்களுக்குள் சண்டை வந்தால், அடித்தவனை மன்னிப்புக் கேட்க வைப்பதற்கு முன், அடிபட்டவனிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவன் மனம் ஆறும்வரை கைகுலுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆனால் பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிய வந்தால், மன்னிப்பு, பள்ளியின் நற்பெயர் என்று சொல்லி மூடி மறைக்க எவருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.