கார்பெட் வண்டு வளர்ப்பது எப்படி?

கம்பளியையும் இறகையும் தின்று செரிக்கும் உயிர்கள் மிகக் குறைவு. முடி, நகம், இறகு எல்லாமே கெரட்டின் என்ற புரதம்தான். பெரும்பாலான விலங்குகளின் வயிறு அதை உடைக்காது. கார்பெட் வண்டின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே இந்த வண்டை வளர்க்கலாம் என்பேன். ஆனால் ஒரு நிபந்தனை: பூச்சிச் சேகரிப்போ, பதப்படுத்திய பறவையோ இருக்கும் வீட்டில் இது வேண்டாம். தப்பிப்போகும் ஒரு பெண் வண்டு போதும், மொத்தமும் தூளாகிவிடும்.

முதலில் பெட்டி. மூடி இறுக்கமாகத் திருகும் கண்ணாடி ஜாடி நல்லது. மூடியில் ஓட்டை போட்டு, மிக நுண்ணிய எஃகு வலையை உள்பக்கம் ஒட்டுங்கள். துணியோ பிளாஸ்டிக் தாளோ வேண்டாம், புழு கடித்துத் துளைத்துவிடும். பொரித்த புழு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அதனால் வலைக்கண் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஜாடியை இன்னொரு மூடிய டப்பாவுக்குள் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது வண்டு. வளர்ந்த வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர், உருண்டையான உடம்பு, வெள்ளை, பழுப்பு, மஞ்சள் செதில்கள் திட்டுத்திட்டாக இருக்கும். மகரந்தம் தின்னும் என்பதால் கேரட் குடும்பத்துச் செடிகளின் குடைப்பூக்களில் தேடலாம். வெளிச்சத்தை நோக்கிப் பறப்பதால் வீட்டு ஜன்னல் ஓரத்திலும் கிடைக்கும். பறவைகள் விட்டுப்போன பழைய கூட்டில் புழுக்கள் இருக்கும்: பழுப்பு வரிகள், உடம்பெல்லாம் முடி, பின்பக்கம் அகலம். தானிய மூட்டையில் கிடைக்கும் முடிப்புழுவை மட்டும் எடுத்து வந்து வளர்க்காதீர்கள். அது கப்ரா வண்டாக இருக்கலாம், பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பூச்சி, பார்த்தால் வேளாண் துறைக்குச் சொல்ல வேண்டும்.

சரி, தீனி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சுத்தமாகத் துவைத்த கம்பளியை மட்டும் போட்டால் புழு வளராது, ஏனென்றால் கெரட்டினில் பி வைட்டமின்களோ ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளோ கிடையாது. வியர்வையும் அழுக்கும் பட்ட துணியையே அது தேடிப்போவதற்கும் இதுதான் காரணம். அதனால் மருந்து படாத கம்பளித் துண்டு, கொஞ்சம் இறகு, காய்ந்த பூச்சிகள், அவற்றின் மேல் ஒரு சிட்டிகை உலர்ந்த ஈஸ்ட், இவ்வளவும் கலந்து வையுங்கள். வெளியிலிருந்து எடுத்து வரும் தீனி எதையும் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள், இல்லையென்றால் மைட் எனப்படும் சிற்றுண்ணிகள் கூடவே வந்துவிடும்.

தண்ணீர் தெளிக்கவே கூடாது. தேவையான ஈரத்தைப் புழு உணவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஜாடிக்குள் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், அதைத் தொடர்ந்து சிற்றுண்ணி வரும், வண்டுக் கூட்டமே அழியும். 25 டிகிரி அளவு வெப்பம் போதும். வளர்ந்த வண்டுகளுக்கு மட்டும் ஒரு பூவோ, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சிறு பஞ்சோ வைத்து, மறுநாள் எடுத்துவிடுங்கள்.

இனி காத்திருப்புதான். முட்டை இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். புழுப் பருவம் மட்டும் பல மாதங்கள், சில நேரம் இரண்டு ஆண்டுகூட ஆகும். ஜாடியில் உரித்த தோல்களாக நிறைந்திருப்பதைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டன என்று கொட்டிவிடாதீர்கள். கம்பளியை மெல்ல விரித்துப் பாருங்கள், புழு வெளிச்சத்துக்குப் பயந்து மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். கடைசித் தோலை முழுதாகக் கழற்றாமல் அதற்குள்ளேயே கூட்டுப்புழு ஆவதால், அசையாமல் கிடக்கும் தோலுக்குள் உயிர் இருக்கலாம். எப்போது கூட்டுப்புழு ஆவது என்பதை உள்ளே இருக்கும் ஒரு ஆண்டுக் கடிகாரம் தீர்மானிக்கிறது. பகலின் நீளத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதால், ஜாடியை இருட்டு அலமாரியில் பூட்டாமல் நேர்வெயில் படாத, பகல் வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள்.

சுத்தம் செய்யும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். புழுவின் வால்பக்க முடிகள் அம்பு நுனி போன்றவை, உதிர்ந்து தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும், மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமை. ஏற்கனவே ஆஸ்துமா இருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். பழைய கம்பளி, தோல், தூள் எதையும் நேராகக் குப்பையில் போடாதீர்கள்: பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, அதன் பிறகே வெளியே எடுங்கள்.