வீல்சேர்ல இருக்கவங்கள வேன்ல கூட்டிட்டுப் போறப்ப கவனிக்க வேண்டியது

மலேசியாவுல சுங்கை சிப்புட்லருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்மென்ட்னா தோட்டத்துல வேன் பிடிச்சு வீல்சேரோட ஏத்தி பிரேக்க மட்டும் போட்டுட்டு கிளம்பிடுறாங்க. அந்த பிரேக் வீல்சேர் உருளாம நிக்கத்தான், வேன் சடனா நின்னா தாங்காது.

முடிஞ்சவரைக்கும் ஆள வண்டி சீட்டுக்கு மாத்தி சீட் பெல்ட் போடுங்க, அதான் பெஸ்ட். காலி வீல்சேரயும் இறுக்கிக் கட்டணும், சும்மா விட்டா பறந்து வந்து அடிக்கும்.

மாத்த முடியாதவங்கன்னா வீல்சேர் முன்பக்கம் பாத்துதான் இருக்கணும், சைடு வாக்குல வேணவே வேணாம். முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு நாலு ஸ்ட்ராப், வேன் தரையில பதிச்சிருக்க ஆங்கர்ல (ஸ்ட்ராப் மாட்டுற பிடி) மாட்டி வீல்சேரோட வெல்டிங் பண்ண ஃப்ரேம்ல இழுத்து இறுக்கணும், சக்கரத்துலயும் கழட்டுற ஃபுட்ரெஸ்ட்லயும் மாட்டாதீங்க. வண்டிக்குள்ள சீட்டா உக்கார்ற வீல்சேருக்கான ஐஎஸ்ஓ 7176-19ங்கிற பாதுகாப்பு டெஸ்ட் பாஸானதுன்னா மாட்டுற எடத்துல கொக்கி படம் இருக்கும், தேடிப் பாருங்க. ராஃபியா பிளாஸ்டிக் கயிறெல்லாம் பத்தாதுங்க, உயிர் விஷயம்.

ஆளுக்குத் தனியா பெல்ட் கட்டாயம். இடுப்பு பெல்ட் வயித்து மேல ஏறாம இடுப்பெலும்புல தாழ்வா படியணும், கூடவே தோள் பெல்ட்டும். வீல்சேர்ல வர்ற வெல்குரோ பெல்ட் நேரா உக்காரத்தான், ஆக்சிடென்ட்ல காப்பாத்தாது.

செம்பனை லாரி ஓடுற செம்மண் ரோட்டுல குலுங்கி ஸ்ட்ராப் லூஸாகும், அதனால தார் ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் அண்ணன ஓரமா நிறுத்தச் சொல்லி நாலையும் ஒரு தடவ இழுத்துப் பாருங்க.