சிஸ்கோ ரூட்டர்ல ஈஐஜிஆர்பிய விட்டுட்டு ஓஎஸ்பிஎஃப்க்கு மாறுறது எப்படி

ஈஐஜிஆர்பி (EIGRP), ஓஎஸ்பிஎஃப் (OSPF) ரெண்டுமே டேட்டா எந்த வழியா போகணும்னு ரூட்டர்கள் தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ற புரோட்டோகால். உங்க நெட்வொர்க்ல இப்ப முழுக்க சிஸ்கோ, சீக்கிரமே ஜூனிபர், மைக்ரோடிக்னு வேற கம்பெனி ரூட்டர் உள்ள வரப்போகுதுன்னா, அது வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற ரூட்டர்கள்ல ஓஎஸ்பிஎஃப்க்கு மாறிடுங்க. பெட்டியையும் புரோட்டோகாலையும் ஒரே ராத்திரில மாத்தினா எதுனால படுத்துச்சுன்னே தெரியாது.

ஈஐஜிஆர்பி நல்ல புரோட்டோகால்தான். 2016ல ஆர்எஃப்சி 7868ஆ (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் தொழில்நுட்பத்துக்கான பொது ஆவணம்) வெளியவும் வந்துச்சு, ஆனா அது தகவலுக்காக போட்டது, ஸ்டாண்டர்டு கிடையாது, மத்த கம்பெனிங்க பெரும்பாலும் அத தொடல. ஓஎஸ்பிஎஃப் அப்படி இல்ல, 1998லயே ஆர்எஃப்சி 2328, ஆபீஸ் ரூட்டர் எந்த பிராண்டு வாங்கினாலும் பெரும்பாலும் இருக்கும்.

முதல்ல ரெண்டையும் சேர்த்தே ஓட விடுங்க. டிஸ்டன்ஸ்னா, ஒரே இடத்துக்கு ரெண்டு புரோட்டோகால் வழி சொன்னா எத நம்பணும்னு ரூட்டர் பாக்குற நம்பர். ஈஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎஃப்க்கு 110, கம்மியா இருக்கிறதுதான் ஜெயிக்கும், அதனால ஓஎஸ்பிஎஃப ஆன் பண்ணாலும் டிராஃபிக் பழைய வழியிலயே போகும். ஒரே ஒரு விஷயம், வெளிய இருந்து ஈஐஜிஆர்பிக்குள்ள கொண்டு வந்த (ரீடிஸ்ட்ரிபியூட் ஆன) ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 170, அதே ரூட் ஓஎஸ்பிஎஃப்லயும் இருந்தா உடனே அந்தப் பக்கம் சாஞ்சிடும், அந்த ரூட் எதெதுன்னு முன்னாடியே எழுதி வச்சுக்குங்க.

ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு லிங்குக்கும் ஒரு காஸ்ட் போட்டு, காஸ்ட் கம்மியான வழிய எடுக்கும். அந்த கணக்குக்கு அடிப்படையான ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் டீஃபால்ட்டா 100 எம்பிபிஎஸ், அப்படியே விட்டா 100 மெகாபிட், 1 ஜிகா, 10 ஜிகா எல்லாத்துக்கும் காஸ்ட் 1தான், ஸ்பீடு லிங்க் எதுன்னே அதுக்கு தெரியாது. எல்லா ரூட்டர்லயும் ஒரே மாதிரி 100000னு மாத்துங்க, ஒண்ணக்கூட விடாம.

அடுத்து நெய்பர் (பக்கத்து ரூட்டர்) எல்லாம் ஃபுல், அதாவது முழுசா இணைஞ்ச நிலைக்கு வந்துச்சான்னு பாருங்க. அதுக்கு முந்தின எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலயே நின்னுச்சுன்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) வேற வேறயா இருக்கும். ஒரு பிராஞ்ச் லைன்ல இதுக்காகவே நான் ஒரு மணி நேரம் தேடியிருக்கேன், ஏன்னா அதே லைன்ல ஈஐஜிஆர்பி வருஷக்கணக்கா ஒரு குறையும் சொல்லாம ஓடிட்டிருந்துச்சு, அது எம்டியூவ கண்டுக்கிறதே இல்ல. எம்டியூ இக்னோர் கமாண்ட் போட்டு தப்பிக்கலாம், ஆனா எம்டியூவ சரி பண்றதுதான் முறை.

இப்ப மாத்துற வேலை. ராத்திரி டவுன்டைம் வாங்கிட்டு எல்லா ரூட்டர்லயும் ஈஐஜிஆர்பி டிஸ்டன்ஸ 120க்கு ஏத்துங்க. பாதி ரூட்டர் இன்னைக்கு, மீதி நாளைக்குன்னு விடாதீங்க, ரெண்டு புரோட்டோகாலும் வேற வேற வழி காட்டினா பாக்கெட் நடுவுலயே சுத்தும். ஏதாவது சொதப்பினா திரும்ப 90 போட்டா போதும், பழைய நிலைமைக்கு வந்துடும்.

மாத்தின பிறகு ஷோ ஐபி ரூட் ஈஐஜிஆர்பி (show ip route eigrp) கமாண்ட் அடிங்க. அதுல ஏதாவது ரூட் மிச்சம் இருந்துச்சுன்னா அந்த நெட்வொர்க்க ஓஎஸ்பிஎஃப்ல சேர்க்க மறந்துட்டீங்கன்னு அர்த்தம். சேர்த்துட்டு, ஒரு வாரம் அப்படியே ஓடவிட்டு, எந்த ரூட்டர்லயும் ஒண்ணும் மிச்சம் இல்லன்னா மட்டும் ஈஐஜிஆர்பிய எடுத்துடுங்க.