பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ என்ஜினைப் பிரித்துக் கட்டுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அண்ணன் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, போன மாசந்தான் புதுப் பிஸ்டன் போட்டது. மறுபடியும் பிடிச்சிருச்சி" என்றார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி என்ஜின் சுற்றாமல் நிற்பதைத்தான் 'பிடிப்பது' என்கிறோம். பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும் போரிங் வேலையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேக்னட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுழல் தட்டு) பக்கத்தில் கிராங்கைச் சுற்றி இறுக்கும் ஒயில் சீல் மட்டும் பழசு. ரப்பர் காய்ந்து, நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. முதல் பிஸ்டனைத் தின்றது அந்தச் சீல்தான். அதைத் தொடாமல் விட்டதால் இரண்டாவதையும் தின்றுவிட்டது.

ஆகவே இந்தச் செய்முறையில் புதுச் சாமான் வாங்குவது நடுவில்தான் வரும். முதலில் பிரிக்க வேண்டும், பழைய சாமானைப் பார்த்து ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது நம் பாதைகளில் இன்னும் ஓடும் பஜாஜ் டூ-ஸ்ட்ரோக் என்ஜின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 57 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57 மி.மீ., கொள்ளளவு 145 சிசி. 2008-இல் டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளை இலங்கைக்கு இறக்குமதி செய்யத் தடை வந்தது. அதற்கு முன் இறங்கிய வண்டிகளைத்தான் இன்னும் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் பெட்டிக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து உறிஞ்சப்படும். பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கத்து வாய்கள் வழியாக மேலே ஏறும். அதாவது கிராங்க் பெட்டியே ஒரு பம்ப். பம்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும், பெற்றோலின் பங்கு குறையும், சூடு ஏறும். பிஸ்டனுக்கு ஒயில் வருவதும் பெற்றோலோடு கலந்துதான். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். டூ-ஸ்ட்ரோக் பிடித்துக்கொள்வதற்கான காரணங்களில் பாதி இந்த ஒரு பந்திக்குள் அடங்கும்.

பிரிப்பது

தேவையானவை: பொக்ஸ் ஸ்பேனர் செட், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மூக்குக் குறடு, மேக்னட் புல்லர், நிறையப் பழைய துணி. புல்லரை இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள். மேக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றப் போனால் கிராங்க் வளைந்துவிடும்.

முதலில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு என்ஜினை வெளியிலிருந்து நன்றாகக் கழுவுங்கள். நம் தோட்டப் பாதைகளின் சேறும் தேயிலைத் தூசியும் சிலிண்டர் செட்டைகளுக்கிடையே சிமெந்துபோல் இறுகிப்போய் இருக்கும். அதைக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். இந்த என்ஜின் காற்றால் குளிர்வது, மேக்னட்டில் உள்ள விசிறி ஊதும் காற்றைத் தகரக் கூடுதான் சிலிண்டரைச் சுற்றி அனுப்புகிறது. அந்தக் கூட்டைக் "சும்மா சத்தம் போடுது" என்று கழற்றி வீசிவிட்டு ஓடும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உங்கள் வண்டியில் அது இல்லையென்றால், வாங்க வேண்டிய சாமான்களில் முதலாவதாக அதை எழுதுங்கள்.

ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். பிளக், கூடு, காபரேட்டர், சைலன்சர் என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். சிலிண்டரை மெதுவாக மேலே இழுங்கள், பிஸ்டனின் அடி தெரிந்ததும் கிராங்க் பெட்டியின் வாயில் துணியைத் திணியுங்கள். பிஸ்டன் பின் நழுவாமல் தடுக்கும் கம்பி வளையமான சேர்க்லிப் ஒன்று உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிளக்க வேண்டிவரும்.

பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் இணைக்கும் பிஸ்டன் பின் இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனில் சுற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். அலுமினியம் விரிந்து பின் இளகும். அதைச் சுத்தியலால் அடித்தால் கனெக்டிங் ரொட் வளையும்.

பிஸ்டனைப் படிப்பது

சரி, இப்போது வெளிச்சத்தில் உட்காருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.

சைலன்சர் பக்கம் மட்டும் உராய்ந்து, அலுமினியம் இழுபட்டிருந்தால் அது சூட்டால் வந்தது. வெளிக்காற்று புகுந்திருக்கும், அல்லது காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட் அடைத்திருக்கும், அல்லது ஒயில் போதாமல் போயிருக்கும், அல்லது குளிர்காற்று கிடைத்திருக்காது. எது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் ஒரே மாதிரிக் கீறல் இருந்தால் அது குளிரில் பிடித்தது. நுவரெலியாப் பக்கம் தை மாசி மாதங்களில் புல்லில் உறைபனி விழும். அப்படியொரு காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் முறுக்கினால், அலுமினியப் பிஸ்டன் சட்டென்று விரியும். இரும்புச் சிலிண்டர் விரிவதோ கிட்டத்தட்ட அதில் பாதிதான், அதுவும் தாமதமாக. இடைவெளி இல்லாமல் போய்விடும். கனடாவில் பனிமேல் ஓடும் பழைய ஸ்னோமொபைல்களின் டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கும் இதே நோய்தான், அங்கேயும் வைத்தியம் சூடாகும்வரை பொறுப்பதுதான். போரிங் இறுக்கமாகச் செய்திருந்தாலும் இதே நான்கு கீறல் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

காபரேட்டர் பக்கத்தில் மணல்தாள் தேய்த்ததுபோல் மங்கலான கோடுகள் தெரிந்தால் தூசி புகுந்திருக்கிறது, எயார் ஃபில்டரைப் பாருங்கள். ரிங்குக்குக் கீழே கறுப்பாக எரிந்திருந்தால் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு காற்றைக் கசியவிட்டிருக்கிறது. பிஸ்டன் தலையில் கரையான் அரித்ததுபோல் சிறு குழிகள் இருந்தால் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) பிளக் வகையையும் சந்தேகியுங்கள்.

பிஸ்டன் இப்படிப் பேசும்போது குறித்துக்கொள்ளுங்கள், பழையதைத் தூக்கி வீசிவிடாமல் வேலை முடியும்வரை வைத்திருங்கள்.

அடுத்து கனெக்டிங் ரொட்டை இரு கையாலும் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். துளிகூட ஆடக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழும் 'டக் டக்' என்றால் கிராங்கைக் கழற்றி, அழுத்திப் பொருத்தும் பிரஸ் உள்ள கராஜிடம் கொடுக்க வேண்டும். முதல்முறை செய்பவர் அந்த வேலையில் தனியாக இறங்க வேண்டாம்.

சீல்

மேக்னட் தட்டைக் கழற்றுமுன், அது பெட்டியில் எந்த நிலையில் நிற்கிறது என்று கூர்மையான ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் டைமிங். பின்னால் உள்ள சீலைக் கிராங்கில் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, புதுச் சீலின் உதட்டில் ஒயில் தடவி, சம அளவான பொக்ஸ் சொக்கெட் ஒன்றை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். வெட்டு விழுந்த சீலைத் திரும்பப் போடவே கூடாது.

கிளட்ச் பக்கத்திலும் ஒரு சீல் உண்டு. அது போனால் காற்றுக்குப் பதில் கியர் ஒயில் உள்ளே போகும். வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஒயில் மட்டம் தானாக இறங்கும், லைசன் புதுப்பிக்குமுன் செய்யும் புகைப் பரிசோதனையிலும் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். அதை மாற்றப் பெரும்பாலும் பெட்டியைப் பிளக்க வேண்டிவரும், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சாமானும் லேத் கடையும்

இப்போதுதான் வாங்கப் போகிறோம். பக்கத்து நகரத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பிஸ்டன் செட், பின், சேர்க்லிப், ரொட் மேல்முனையின் ஊசி பெயரிங், கேஸ்கட் செட், இரண்டு சீல் என்று ஒரே தடவையில் வாங்குங்கள்.

பிஸ்டனை வாங்கிய பிறகே சிலிண்டரை லேத் கடைக்குக் கொடுங்கள், பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து, கம்பனிப் புத்தகத்தில் சொன்ன இடைவெளிக்குப் போர் அடிக்க வேண்டும். "கொஞ்சம் டைட்டாவே அடிங்க, நாள் வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. நான்கு கீறல் பிஸ்டனை நீங்களே பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். போர் அடித்ததும் வாய்களின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். அதை மெல்ல மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். வீட்டுக்கு வந்ததும் விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெற்றோலில் கழுவினால், போர் அடித்தபின் சிலிண்டரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் பொடி முழுதாகப் போகாது. வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். காய்ந்ததும் உடனே ஒயில் தடவுங்கள், நம் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

கட்டுவது

ரிங்கை முதலில் வெறும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். போரின் ஓர் அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்பது பழைய கணக்கு. 57 மி.மீ. போருக்கு அது 0.23 மி.மீ. வரும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். புதுச் சேர்க்லிப்பின் வாய் மேலே அல்லது கீழே இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். ரிங் பள்ளத்துக்குள் ஒரு சின்ன ஆணி இருக்கும், ரிங்கின் இரு முனையும் அதை அணைத்தபடி உட்கார வேண்டும். ஒயில் பூசி, விரலால் ரிங்கை அமுக்கிக்கொண்டே சிலிண்டரை இறக்குங்கள். தானாக இறங்கும். இறங்காவிட்டால் தட்ட வேண்டாம், எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மூன்று தடவையாக, புத்தகத்தில் உள்ள டோர்க் அளவுக்கு இறுக்குங்கள்.

காபரேட்டரும் சைலன்சரும் பூட்டுமுன் ஒரு பரிசோதனை. இதற்குப் பிரஷர் பார்க்கும் பழைய பிபி மெஷின் ஒன்று போதும். அவை பூட்டும் இரண்டு வாய்களையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். உள்பீங்கான் எடுத்த பழைய பிளக்கில் பிபி மெஷின் குழாயை ஒட்டி, பிளக் துளையில் பூட்டுங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, முள் 250-ஐத் தொடும்வரை பம்ப் செய்யுங்கள். 300-ஐத் தாண்ட வேண்டாம். ஐந்து நிமிடம் முள் நின்றால் உங்கள் என்ஜின் காற்றுப் புகாதது. இறங்கினால் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை. நான் இதைச் செய்யாமல் ஒரு வண்டியையும் வெளியே விடுவதில்லை.

மலைக்கு ஏற்ற ஜெட், ஒயில், ஓட்டம்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. அதனால் வண்டி பெற்றோலை அதிகம் குடிக்கும், பிளக் கறுக்கும், இழுவை குறையும். மேலேயே ஓடும் வண்டிக்கு ஒரு படி சின்ன மெயின் ஜெட் போடுவது சரிதான். ஆனால் அதே ஜெட்டோடு கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் கீழே பெற்றோல் போதாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் போய்வருபவர் கம்பனி ஜெட்டையே வைத்திருங்கள் என்பது என் முடிவு. கொஞ்சம் கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

பெற்றோலில் கலக்கும் டூ-டி ஒயில் லீற்றருக்கு 20 மி.லீ. என்பது வழக்கம். புதுப் பிஸ்டனுக்கு முதல் 500 கிலோமீற்றர் 30 வரை போகலாம். அதற்குமேல் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஒயில் கூடினால் அதே அளவில் பெற்றோலின் பங்கு குறைகிறது, சூடு கூடுகிறது.

முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, கையால் தொடும் அளவுக்கு ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. முழுதாக ஆறியதும் ஹெட் நட்டின் டோர்க்கைத் திரும்பப் பாருங்கள். 500 கிலோமீற்றர்வரை பாரம் ஏற்றிக்கொண்டு ரம்பொடை ஏற்றம் ஏற வேண்டாம், தட்டையான பாதையிலும் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்க வேண்டாம்.

இறக்கத்திலும் கவனம் வேண்டும். அக்சிலேட்டரை முழுதாக மூடி, கியரிலேயே மைல் கணக்கில் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, பெற்றோல் வருவதில்லை, ஒயிலும் வருவதில்லை. ஸாப் கம்பனியின் பழைய டூ-ஸ்ட்ரோக் கார்களில் இதற்காகவே சக்கரம் என்ஜினைச் சுற்றாதபடி விடுவிக்கும் ஃப்ரீவீல் வைத்திருந்தார்கள். நமக்கு அது இல்லை. நியூட்ரலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து, ஆகவே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சில வினாடிக்கொரு தடவை அக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடுங்கள், ஒரு மடக்கு ஒயில் உள்ளே போகும்.

500 முடிந்ததும் ஓர் ஏற்றத்தின் உச்சியில் என்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பால் கலந்த தேயிலைச் சாயத்தின் நிறம் இருந்தால் ஒயிலை 20-க்குக் குறைத்துவிட்டு ஓட்டலாம். வெள்ளையாக இருந்தால் ஓட்ட வேண்டாம், பிபி மெஷினைத் திரும்ப எடுங்கள்.