வளாக விளையாட்டுக்கூட ஊழியர்களுக்குப் பால்புதுமையினர் குறித்த பயிற்சி: முதன்முறை நடத்துவோருக்கு

கல்லூரி உடற்பயிற்சிக்கூடத்தின் முகப்பு மேசை, நீச்சல்குளம், வார இறுதிப் போட்டிகள் என எல்லா இடத்திலும் நிற்பவர்களில் பலர் பகுதிநேரமாக வேலை பார்க்கும் மாணவர்கள். பாலினக் கோட்பாடு பற்றிய நீண்ட உரை அவர்களுக்குப் பயன்படாது. பால்புதுமையினர் (பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபடுபவர்கள்) எதிரே நிற்கும்போது என்ன சொல்வது என்பது வாயில் வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 90 நிமிடம் போதும். ஒரு தடவைக்கு 20 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்; நடித்துப் பார்க்க எல்லோருக்கும் முறை வராது.

படி 1: முதலில் படிவத்தைத் திருத்துங்கள்

பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பே கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என்ற கட்டம் எதற்கு? காரணம் சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். அட்டையைக் காட்டியதும் திரையில் எந்தப் பெயர் வருகிறது? சான்றிதழ்ப் பெயர் மட்டும் வந்தால் ஊழியர் அதைத்தான் கூப்பிடுவார். வரிசையில் நிற்பவர்கள் காதில் ஒரு திருநம்பியின் (பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரின்) பழைய பெயர் விழும். மென்பொருளில் 'அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம் சேர்க்காதவரை எந்தப் பயிற்சியும் இதைத் தீர்க்காது.

உள்ளே தாழிட்டுக்கொள்ளும் தனி உடைமாற்றும் அறை இருக்கிறதா, அதில் துடைப்பமும் பழைய பந்துகளும் அடைந்து கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். பல இடங்களில் அதுதான் நிலைமை.

எந்த அறையை யார் பயன்படுத்தலாம் என்பதில் சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும். நிர்வாகத்திடம் கேட்டு ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். ஊழியர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: சொற்கள் (15 நிமிடம்)

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால் (உடலிலேயே ஆண், பெண் கூறுகள் கலந்து பிறந்தவர்), ஆண் பெண் இரண்டிலும் தன்னைச் சேர்க்காதவர். இந்த ஆறு போதும். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதும், அவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதும் வேறு வேறு. குழப்பத்தில் பாதி இங்கேயே தெளிந்துவிடும்.

தமிழில் 'அவர்' இருப்பது பெரிய வசதி. சிக்கல் சாரிலும் மேடத்திலும், அண்ணாவிலும் அக்காவிலும்தான். "வாங்க சார்" என்பதை "வாங்க, அட்டையைக் காட்டுங்க" என்று மாற்றிப் பழக்குங்கள். மரியாதை 'ங்க'விலேயே இருக்கிறது. தவறிப்போனால் ஒரு "மன்னிக்கணும்", உடனே சரியான விளி, பிறகு வேலை. ஐந்து நிமிடம் வருந்தினால் எதிரே நிற்பவர்தான் ஊழியரைத் தேற்ற வேண்டியிருக்கும்.

எல்லோரும் எழுந்து தத்தம் பாலின அடையாளத்தைச் சொல்லும் சுற்றை வைக்காதீர்கள். வெளியே சொல்லாத ஒருவர் அந்த அறையில் இருந்தால் பொய் சொல்ல வேண்டும், அல்லது மாட்டிக்கொள்ள வேண்டும். பால்புதுமையினரான ஊழியரை எழுப்பி "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்பதும் அதே தவறுதான்.

படி 3: நடித்துப் பார்த்தல் (50 நிமிடம்)

பயிற்சியின் உயிர் இதுதான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் ஊழியர், ஒருவர் உறுப்பினர், மூன்றாமவர் கவனிப்பவர். ஒரு சூழலுக்குச் சுமார் பதினைந்து நிமிடம்; முறை மாறட்டும்.

முதல் சூழல், உடைமாற்றும் அறைப் புகார். "உள்ளே ஆம்பளை மாதிரி ஒருத்தர் இருக்காங்க" என்று ஒருவர் பதறி வருகிறார். ஊழியர் கேட்க வேண்டியது ஒன்றே: "அவர் என்ன செய்தார்?" படம் எடுத்தார், உற்றுப் பார்த்தார், தொட்டார் என்றால் யார் செய்தாலும் எடுக்கும் நடவடிக்கையை உடனே எடுக்க வேண்டும். சும்மா இருந்ததுதான் புகார் என்றால், அந்த ஒரு பக்கத் தாளின்படி பதில் சொல்லி, புகார் சொன்னவருக்குத் தனி அறையைக் காட்டலாம். உள்ளே போய் யாரையும் சான்று கேட்கக் கூடாது. குட்டை முடி வைத்த பெண்களும் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

இரண்டாவது, மைதானத்தில் ஏச்சு. "ஒம்போது" என்ற சத்தம் கேட்டால் நடுவர் விசில் ஊத வேண்டும். காது கேளாதவர்போல் இருக்கக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, இரு அணித் தலைவர்களையும் அழைத்து எச்சரித்து, ஆட்டத்தாளில் எழுத வேண்டும். மறுபடி நடந்தால் வெளியேற்றம். "பொம்பளை மாதிரி ஆடாதே" என்பதும் இதே கணக்குதான். புது நடுவர்களுக்கு விசிலை வாய்க்குக் கொண்டுபோவதுதான் கடினம், ஆகவே நிஜ விசிலோடு பழக்குங்கள்.

மூன்றாவது, தொலைபேசி. "என் பிள்ளை எந்த அணியில் ஆடுது?" என்று வீட்டிலிருந்து கேட்கிறார்கள். பதில்: "உறுப்பினர் விவரம் எதையும் தொலைபேசியில் சொல்வதில்லை." எல்லோருக்கும் இதையே சொன்னால் யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது.

படி 4: கலப்பு அணி விதி (10 நிமிடம்)

'4 ஆண், 4 பெண்' என்று எழுதினால் இரண்டிலும் சேராதவருக்கு இடமில்லை. 'ஒரே பாலினத்தவர் களத்தில் 5 பேருக்கு மேல் கூடாது' என்று எழுதிப் பாருங்கள், இடம் தானாக வந்துவிடும். இங்கே யாராவது உலகத் தடகள அமைப்பின் 2023 விதியை இழுப்பார்கள். அது ஆண் பருவமாற்றத்தைக் கடந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவு உலகத் தரவரிசைப் போட்டிகளிலிருந்து விலக்கிய விதி. உங்கள் வார இறுதி ஆட்டத்துக்கு உங்கள் வளாக விதிதான்.

படி 5: முதலுதவி (15 நிமிடம்)

பலர் விட்டுவிடும் பகுதி. சில திருநம்பிகள் மார்பை இறுக்கும் உள்ளாடை அணிவார்கள். கடும் பயிற்சியில் அது மூச்சைத் தடுக்கும். மூச்சு வாங்குகிறவரிடம் ஆடையைப் பற்றிக் கேள்வி கேட்காமல் உட்கார வைத்து, தனி அறை வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். மயங்கி இதயம் நின்றுவிட்டால் தயக்கமே கூடாது: மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டுத் தகடுகள் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், எனவே அந்த ஆடையை வெட்டித்தான் ஆக வேண்டும். சாதாரணக் கத்தரி அந்தத் துணியில் வழுக்கும். முனை மழுங்கிய உறுதியான கத்தரி கருவிப் பெட்டியிலேயே இருக்கிறதா என்று அன்றே திறந்து பாருங்கள். இன்னொரு ஊழியர் கூட்டத்தை விலக்கித் துண்டால் மறைத்துப் பிடிக்கட்டும்.

மாணவ ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மூன்றாம் படியை மட்டுமாவது திரும்ப நடத்துங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு மாலை மேசைக்கு அருகே நின்று கேளுங்கள்: "வாங்க" என்பதற்குப் பின் என்ன சொல் வருகிறது என்று.