படத்தில் கரும்புள்ளிகளும் இருண்ட மூலைகளும்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பறக்கும் பறவைகளைப் படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், வானத்தின் இடது மேற்பகுதியில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருப்பதைக் கவனித்தேன். லென்ஸின் முன்கண்ணாடியில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, இரண்டு வாரங்கள் அதையே துடைத்துக்கொண்டிருந்தேன், புள்ளி அசையவில்லை. அதே காலத்தில் வேறு சில படங்களில் நான்கு மூலைகளும் இருண்டு வந்தன. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கையும் தவறு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரே சோதனை போதும் என்பது பிறகு தெரிந்தது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றி இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிடுவதுதான் அந்தச் சோதனை.

அபெர்ச்சரைச் சிறிதாக்கும்போது (அதாவது எஃப் எண் கூடும்போது) மட்டும் தென்படும் புள்ளி, பெரும்பாலும் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரின் மேல் படிந்த தூசி. அபெர்ச்சரைச் சிறிதாக்கும்போது மறையும் அல்லது குறையும் மூலை இருள் லென்ஸின் இயல்பு. சிறிதாக்கியும் மறையாமல், விளிம்பு கூர்மையாகி இன்னும் தெளிவாகத் தெரியும் மூலை இருள், ஏதோ ஒரு பொருள் ஒளியின் வழியில் நிற்பதைக் காட்டுகிறது. எதையும் துடைப்பதற்கு முன் இந்த மூன்றில் உங்களுடையது எது என்று கண்டுகொள்ளுங்கள்.

சோதனைப் படம் எடுத்தல்

ஒரே சீரான ஒளியுள்ள வெண்பரப்பு ஒன்று வேண்டும். மேகமூட்டமான வானம், வெள்ளைச் சுவர், வெற்று வெண்பக்கம் திறந்த கணினித் திரை ஆகியவற்றில் எதுவும் உதவும். லென்ஸின் முன்னால் திருகியிருக்கும் ஃபில்டரையும், பக்கவாட்டு ஒளியை மறைக்கும் ஹூடையும் கழற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் எஃப்/16 அல்லது எஃப்/22, எக்ஸ்போஷர் ஈடுசெய்தல் +1 என்று வைத்து, தானியங்கிக் குவியத்தை (ஆட்டோஃபோகஸ்) அணைத்து, சுவருக்கு அருகில் நின்றுகொண்டு குவியத்தை முடிவிலிக்குத் திருப்புங்கள். சுவரின் சொரசொரப்பு படத்தில் பதியாமல் இருப்பதற்காகத்தான் இவ்வாறு வேண்டுமென்றே குவியம் தவறச் செய்கிறோம். ஷட்டர் வேகம் ஒரு நொடி வரை இறங்கினாலும் கவலை வேண்டாம். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல அசைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் சுவரில் உள்ள கறைகள் எல்லாம் கலங்கிவிடும், சென்சாரில் ஒட்டிய தூசி மட்டும் சென்சாருடனேயே நகர்வதால் படத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து எஃப்/2.8 அல்லது உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் மிகப் பெரிய அபெர்ச்சரில் இதே பரப்பை இன்னொரு முறை எடுங்கள். இரண்டு படங்களையும் கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தே எடுக்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அந்தத் திரையை நான் இதற்கு நம்புவதே இல்லை. கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து கலர்ஸ், ஆட்டோ, ஈக்வலைஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளி வேறுபாடுகள்கூட உப்பித் தெரியும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அதன் புள்ளி நீக்கும் கருவியில் உள்ள விஷுவலைஸ் ஸ்பாட்ஸ் வசதியைப் பயன்படுத்தலாம். எனினும் எனக்குக் கிம்ப்பே பிடிக்கும், ஏனெனில் புள்ளிகளும் மூலை இருளும் ஒரே படத்தில் சேர்ந்து தெரியும். ஓர் எச்சரிக்கை: ஈக்வலைஸ் செய்தால் ஓரளவு சுத்தமான சென்சார்கூட அச்சமூட்டும் தோற்றம் தரும். எஃப்/8, எஃப்/11 அளவில் எடுக்கும் வழக்கமான படங்களில் தெரியாத புள்ளிகளை அவ்வாறே விட்டுவிடுவதே அறிவுடைமை.

புள்ளியின் தோற்றம் சொல்வது

தூசி உண்மையில் ஒளியுணரும் பரப்பின் மீது அமர்வதில்லை. அதற்கு முன்னால் உள்ள கண்ணாடி வடிகட்டியின் மீது அமர்ந்து, அங்கிருந்து நிழல் வீழ்த்துகிறது. அந்த இடைவெளியை 2 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு எஃப் எண்ணால் வகுத்தால், நிழலின் விளிம்பு எவ்வளவு பரவும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். எஃப்/16இல் அது 0.125 மி.மீ., எஃப்/2.8இல் 0.7 மி.மீ. சிறிய துகளின் நிழல் 0.7 மி.மீ. பரப்பில் கரைந்துபோனால் எவர் கண்ணுக்கும் தெரியாது. உருவப்படங்களை அகன்ற அபெர்ச்சரில் எடுப்பவர்கள் மாதக்கணக்கில் தூசியைக் கவனிக்காமல் இருந்துவிட்டு, நிலக்காட்சி எடுக்கத் தொடங்கிய அன்று கேமரா கெட்டுவிட்டதாகப் பதறுவது இதனால்தான். முன்கண்ணாடித் தூசியோ குவியத்திலிருந்து மிகவும் விலகி இருப்பதால் பொதுவாகப் புள்ளியாகத் தெரிவதில்லை. நிறைய இருந்தால் படம் சற்று வெளிறும், அவ்வளவுதான்.

மங்கிய விளிம்புள்ள சாம்பல் வட்டம் தூசி. வளைந்த கோடு நூலிழை. நடுவில் கருமையும் சுற்றிலும் வெளிர் வளையமும் இருந்தால் அது உலர்ந்த திரவத் துளியாகவோ ஷட்டர் பொறியிலிருந்து தெறித்த எண்ணெயாகவோ இருக்கலாம்; ஊதினால் போகாது. ஊசிமுனை போன்ற ஒரே ஒரு கரும்புள்ளி, அபெர்ச்சர் எதுவானாலும் மாறாமல் கூர்மையாக நின்றால், அது செத்த பிக்சல். அதை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. சில கேமராக்களின் மெனுவில் உள்ள பிக்சல் மேப்பிங் வசதி அதை மறைத்துவிடும்.

நான் தடுக்கி விழுந்த இடம்

தூசி என்று உறுதியான பிறகு, அது சென்சாரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகச் சென்சாரில் வீழ்த்துகிறது என்பது எனக்குத் தெரியும். எனவே படத்தை 180 பாகை சுழற்றிப் பார்த்தேன். இடது மேல்மூலையில் இருந்த புள்ளி வலது கீழ்மூலைக்கு வந்தது. லென்ஸைக் கழற்றி, சென்சாரின் வலது கீழ்மூலையிலேயே கவனம் வைத்து ஊதினேன், துடைத்தேன், மீண்டும் சோதித்தேன். புள்ளி கொஞ்சமும் குறையவில்லை. மூன்று முறை இதையே செய்துவிட்டு, அது தூசியே அன்று, சென்சாரில் கீறல் விழுந்துவிட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

தவறு எங்கே என்றால், 180 பாகை சுழற்சி என்பது கேமராவின் பின்னால் நிற்பவரின் பார்வைக்குரிய கணக்கு. சுத்தம் செய்யும்போது நாம் கேமராவின் முன்னால் இருந்து, லென்ஸ் பொருத்தும் வாய் வழியாகச் சென்சாரைப் பார்க்கிறோம். எதிரில் நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிவது போல, இங்கே இடவலம் இன்னொரு முறை மாறிவிடுகிறது. இரண்டு முறை மாறியது பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால் இடம் இடமாகவே இருக்கும், வலம் வலமாகவே இருக்கும். மேலும் கீழும் மட்டுமே இடம் மாறும். படத்தின் இடது மேல்மூலைப் புள்ளிக்குரிய தூசி, முன்னிருந்து பார்க்கும் நமக்குச் சென்சாரின் இடது கீழ்மூலையில் இருக்கும்.

எனவே கிம்ப்பில் சுழற்றும் கட்டளையைத் தொடாமல், மேல்கீழாகப் புரட்டும் ஃபிளிப் வெர்டிக்கல் கட்டளையை மட்டும் கொடுங்கள். கேமராவை மேசையில் பின்திரை கீழே இருக்குமாறு, அடிப்பாகம் உங்களை நோக்கி இருக்குமாறு படுக்க வைத்தால், திரையில் புரட்டிய படமும் கண்முன் உள்ள சென்சாரும் அப்படியே பொருந்தும். சோதனைப் படத்தை நெடுக்குவாட்டில் எடுத்திருந்தால், மென்பொருள் அதைத் தானாகத் திருப்பிக் காட்டி இந்தக் கணக்கு முழுவதையும் குழப்பிவிடும். படுக்கைவாட்டில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சுத்தம் செய்தல்

முதலில் பேட்டரியை முழுமையாக ஏற்றிக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது மின்சாரம் தீர்ந்தால், அது உங்கள் கருவியின் மேலேயே வந்து விழும். மெனுவில் உள்ள சென்சார் அதிர்வு வசதியை நான்கைந்து முறை இயக்குங்கள். 2003இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவில் தொடங்கிய இந்த மீயொலி அதிர்வு முறை, இன்று பல கேமராக்களில் உண்டு. உலர்ந்த தூசி இதிலேயே உதிர்ந்துவிடலாம்.

போகவில்லையென்றால் மெனுவில் கைமுறைச் சுத்தத்திற்கான நிலையைத் தேர்ந்தெடுத்து, லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் தரையைப் பார்க்குமாறு பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் கீழிருந்து ஊதுங்கள். குமிழை அதற்கு முன்பே வெளியில் பலமுறை அழுத்தி, அதற்குள் இருக்கும் தூசியைப் போக்கிவிட வேண்டும். குமிழின் முனை கேமராவுக்குள் நுழையாமல் வாயின் மட்டத்திலேயே நிற்கட்டும். நம் வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்றுக் குப்பிகள் குளிர்ந்த திரவத்தைச் சென்சார் மேல் பீய்ச்சிவிடக்கூடும். இரண்டையும் அறவே தவிர்த்துவிடுங்கள். தூரிகைகளையும் நான் விரும்புவதில்லை, ஓரத்தில் இருக்கும் எண்ணெயைத் தொட்டு நடுவில் பூசிவிடும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம்.

ஊதியும் போகாதவற்றுக்கே ஈரத் துடைப்பு. சென்சாரின் உயரத்துக்கு ஏற்ற அகலமுள்ள, உறையிட்டு வரும் துடைப்புக் குச்சியான ஸ்வாப்பையே வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாருக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சாருக்கு 16 மி.மீ. அகலம் பொருந்தும். வீட்டில் துணி சுற்றித் தயாரிக்கும் சிக்கனம் இந்த ஒரு வேலைக்கு ஒவ்வாது. சென்சாருக்கென்றே விற்கப்படும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கையை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்து, ஸ்வாப்பைத் திருப்பி, பயன்படாத பக்கத்தால் எதிர்த்திசையில் ஒருமுறை இழுத்து முடித்துவிடுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. பயன்படுத்திய ஸ்வாப்பை மறுமுறை தொடவும் கூடாது. பிறகு எஃப்/22 சோதனைப் படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

மூலைகள் இருளும்போது

அகன்ற அபெர்ச்சரில் மூலைகள் மெல்ல மங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் குழலின் விளிம்புகளே வெட்டிவிடுவது ஒன்று. இரண்டு மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) சிறிதாக்கினால் இது பெரும்பாலும் தீரும். சாய்ந்து விழும் ஒளி இயல்பாகவே வலுவிழப்பது மற்றொன்று. எளிய லென்ஸ் ஒன்றில் இந்த இழப்பு, சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்காக அமைகிறது. 30 பாகையில் ஏறத்தாழ 56 விழுக்காடு ஒளியும், 45 பாகையில் கால்பங்கு ஒளியும் மட்டுமே எஞ்சும். கால்பங்கு என்றால் இரண்டு ஸ்டாப் இழப்பு. இன்றைய அகலக்கோண லென்ஸ்கள் இதைவிட நன்றாகவே வடிவமைக்கப்படுகின்றன என்றாலும், கொஞ்சம் எஞ்சத்தான் செய்யும். கேமராவின் மூலை ஒளித் திருத்தத்தை இயக்கினால் ஜேபெக் படங்களில் அது தானாகச் சரியாகும். கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்களில் லென்ஸ் திருத்தப் பகுதியைத் திறந்து உங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு ஸ்டாப் தூக்கிய மூலையில் இரைச்சலும் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) சேர்ந்து எழும் என்பதால், உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த இரவுப் படங்களில் நான் பாதியளவு மட்டுமே திருத்துகிறேன்.

சிறிதாக்கியும் போகாமல் விளிம்பு கூர்மையாகும் கருமைக்கு மென்பொருள் வேண்டாம், கைகள் போதும். ஃபில்டர் மேல் ஃபில்டராக அடுக்கியிருந்தால் கழற்றுங்கள். இதழ் வடிவ ஹூடில் நீண்ட இதழ்கள் மேலும் கீழும் இருக்க வேண்டும். பூட்டு விழாமல் சற்றுத் திரும்பியிருந்தால் அவை மூலைகளில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ்-சிக்கான லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் பொருத்தினால் படமே ஒரு கரிய வட்டத்துக்குள் அடங்கிவிடும். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் வெட்டு முறைக்கு (கிராப் மோட்) மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பின்சேர்க்கை

இதை எழுதிய பிறகு வாசகர்கள் கேட்டவற்றுள் மூன்றைச் சேர்க்கிறேன். வியூஃபைண்டரில் தெரியும் கரும்புள்ளி படத்தில் வரவில்லை என்று ஒருவர் கேட்டார். டிஎஸ்எல்ஆரில் அது குவியத் திரையில் உள்ள தூசி, படத்தைப் பாதிக்காது, அந்தத் திரை எளிதில் கீறும் என்பதால் தொடாமல் விடுவதே நல்லது. துடைத்த பின் புள்ளிகள் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன என்று இன்னொருவர் எழுதினார். ஸ்வாப் தள்ளிய தூசியும் மிகுந்த திரவமும் அங்கே தேங்கியிருக்கின்றன, புதிய ஸ்வாப்பில் ஒரே சொட்டு விட்டு மீண்டும் ஒருமுறை இழுத்தால் போதும். ஃபிளாஷ் பயன்படுத்தும்போது மட்டும் படத்தின் அடிப்பக்கத்தில் அரைவட்ட நிழல் விழுகிறது என்பது மூன்றாவது கேள்வி. கேமராவின் உள்ளமைந்த ஃபிளாஷின் ஒளியை நீளமான லென்ஸோ ஹூடோ மறைப்பதால் விழும் நிழல் அது. ஹூடைக் கழற்றிப் பாருங்கள், அப்போதும் நின்றால் சற்றுப் பின்வாங்கி நின்று, ஜூமைக் கூட்டி எடுங்கள்.