டிஎன்ஏ இழைகளால் ஓர் இடுக்கி: திறந்து மூடும் வழி

2000-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தின் பெர்னார்ட் யர்க்கும் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ டர்பர்ஃபீல்டும் தங்கள் குழுவினரோடு டிஎன்ஏவால் ஓர் இடுக்கியை உருவாக்கினார்கள். அதற்கு மின்சாரம் கிடையாது. டிஎன்ஏ இழையில் வரிசையாகக் கோக்கப்பட்ட அலகுகளைக் காரங்கள் என்பார்கள். அவற்றில் அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் ஜோடி சேரும்போது வெளிப்படும் ஆற்றல்தான் இடுக்கியை இயக்குகிறது. ஒரு தாளும் வண்ணப் பென்சில்களும் இருந்தால் நாமும் அதை வரைந்து பார்க்கலாம்.

படி 1: 40 காரங்கள் கொண்ட இழை ஒன்றை வரையுங்கள். இரு முனையிலும் 18 காரங்கள், நடுவில் 4. இந்த நான்குதான் கீல். எதோடும் ஜோடி சேராமல் விட்டால்தான் அது மடங்கும்.

படி 2: 42 காரங்கள் கொண்ட இரண்டு இழைகளை எடுத்து, ஒவ்வொன்றின் 18 காரங்களையும் முதல் இழையின் வெவ்வேறு முனையோடு சேருங்கள். இவைதான் இடுக்கியின் இரு கைகள். ஒரு ஜோடி ஏறக்குறைய 0.34 நானோமீட்டர், ஆக ஒரு கை 6 நானோமீட்டர். மிச்சமுள்ள 24 காரங்கள் இரு கைகளிலும் சும்மா தொங்கட்டும்.

படி 3: இப்போது எரிபொருள் இழை, 56 காரங்கள். அதில் 24 ஒரு கையின் நுனியோடும், இன்னொரு 24 மறுகையின் நுனியோடும் ஜோடி சேரும். இரண்டு கைகளும் இழுபட்டு இடுக்கி மூடிவிடும். 8 காரங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: எனக்குப் பிடித்த இடமே அந்த எட்டுதான். எரிபொருளுக்கு முழுதும் பொருந்தும் எதிர் இழையைச் சேர்த்தால், அது முதலில் அந்த எட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஜிப்பை இழுப்பதுபோல ஒவ்வொரு காரமாக முன்னேறி, எரிபொருள் இழையைக் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். இடுக்கி திறந்துவிடும். இந்தப் பிடி இல்லாவிட்டால் இதே வேலை நம்ப முடியாத அளவுக்கு மெதுவாகும். பிடி ஆறேழு காரங்கள் வரை நீள நீள வேகம் மடமடவென ஏறும். அதற்குமேல் நீட்டிப் பெரிய பயனில்லை.

படி 5: திறந்ததா மூடியதா என்று எப்படித் தெரியும்? முதல் இழையின் இரு முனைகளிலும் இரண்டு சாயங்களை ஒட்டுங்கள். நெருங்கினால் ஒன்றின் ஒளி மங்கும், விலகினால் பளிச்சிடும்.

சரி, சிக்கல் எங்கே? ஒவ்வொரு சுற்றிலும் 56 ஜோடி நீளக் கழிவு ஒன்று கரைசலிலேயே தங்கிவிடும். அது பிடிக்காதவர்கள் அடுத்து அமிலத்தால் இயங்கும் கருவியை வரைந்து பாருங்கள். சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியனும் டாங்ஷெங் லியூவும் 2003-இல் செய்தது அது. சைட்டோசின் நிறைந்த இழை அமிலத்தில் நான்காக மடியும், காரத்தன்மை ஏறினால் விரியும். மிஞ்சுவது உப்பும் தண்ணீரும்தான்.